இருபது உணவுப் பட்டியலில் இல்லாத கஜு (முந்திரிப் பருப்பு): ஒரு பிள்ளையின் ஒவ்வாமைப் பரிசோதனை போன வழி

ஆண் பிள்ளை. முதல் தடவை வருத்தம் வந்தபோது ஒரு வயதும் எட்டு மாதமும். வீடு மட்டக்களப்புக்குத் தெற்கே, எழுவான்கரையில், கல்முனை வீதியோடு ஒட்டிய ஓர் ஊர். தகப்பன் கட்டாரில் வேலை. வீட்டில் தாயும் தாயின் தாயும், அதாவது பிள்ளையின் பெத்தாவும். தாயின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குழந்தைகள் விடுதியில் பல வருடம் தாதியாக இருந்தவள் என்பதால் இவர்களுடைய கடதாசிகளை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. அதனால் எல்லா ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்துப் பார்க்கக் கிடைத்தது.

வரிசையாக வைத்தபோது தெரிந்தது இதுதான். பரிசோதனை கிடைக்காமல் இந்தக் குடும்பம் கஷ்டப்படவில்லை. பரிசோதனை முதலே கிடைத்துவிட்டது. என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்தில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் கிடைத்ததுதான் பிந்திப்போனது.

வருடப்பிறப்பன்று

சித்திரை வருடப்பிறப்பு. மத்தியானம் ஒரு மணிக்கு இறால் குழம்போடு சோறு. பிள்ளை இறால் தின்பது புதிதில்லை. கிழமைக்கு ஒருக்காலாவது ஆத்து இறால் வாங்கும் வீடு. பின்னேரம் ஐந்தரை போலப் பக்கத்து வீட்டிலிருந்து பாயாசம் வந்தது. இரண்டு கரண்டி குடித்தான். பத்து நிமிடத்துக்குள் மேலுதடு வீங்கியது. பிறகு வயிற்றிலும் கழுத்திலும் தடிப்பு, விடாத இருமல், இரண்டு தரம் சத்தி. ஓட்டோ வருவதற்குள் முகம் வெளிறி, தாயின் தோளில் சாய்ந்துவிட்டான்.

"இறால் திண்டதுதான்கா. கிரந்திச் சாமான் எண்டு நான் சொன்னதானே?" பெத்தாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமை மருந்து ஊசியும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் போட்டார்கள். தடிப்பு இறங்கியது. ஓர் இரவு வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். டயக்னோசிஸ் கார்ட்டில் 'உணவு ஒவ்வாமை', அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. என்ன உணவு என்றோ, சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் என்றோ ஒரு வரியும் இல்லை. அட்ரினலின் போடப்படவில்லை.

இதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். தடிப்பு மட்டும் என்றால் அது வேறு. தோலில் தடிப்பு, மூச்சுப் பாதையில் இருமல், குடலில் சத்தி என்று சாப்பிட்ட கொஞ்ச நேரத்துக்குள் உடம்பின் இரண்டு மூன்று பகுதிகள் ஒன்றாகக் குழம்பினால் அது அனஃபிலாக்சிஸ். அதற்கு முதல் மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில். பிரிட்டன் கடியையும் தடிப்பையும் குறைக்கும். இறங்கும் இரத்த அழுத்தத்தையும் அடைபடும் மூச்சையும் அது பிடித்து நிறுத்தாது. ஹைட்ரோகோர்ட்டிசோன் வேலை செய்யவே மணித்தியாலக் கணக்காகும். இந்தப் பிள்ளை அன்று தானாகவே தப்பினான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வீட்டில் இறாலை நிறுத்தினார்கள். நாவூறு கழித்தார்கள். தாய் போனில் தேடினாள். தேடிய இடமெல்லாம் கச்சானை (நிலக்கடலையை) பற்றியே எழுதியிருந்தது. பிள்ளை கச்சானும் தின்றவன்தான், ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பயத்தில் அதுவும் நின்றது.

இருபது கேள்வி

'அலர்ஜி டெஸ்ட்' எங்கே செய்யலாம் என்று தாய் விசாரித்தபோது கிடைத்த பதில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம். இரத்தத்தை இங்கே எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள், ஒரு தரம் எடுத்தால் இருபது உணவுக்கும் பார்க்கலாம், டொக்டரின் கடிதம் தேவையில்லை. கட்டாரில் இருந்து காசு வந்தது. இரத்தம் எடுத்தார்கள்.

ரிப்போர்ட் ஆங்கிலத்தில், நிறம் நிறமாக வந்தது. மொத்த ஐஜிஈ எழுநூறுக்கு மேல், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கோதுமை, சோயா, முட்டை வெள்ளைக்கரு, கச்சான், பருப்பு எல்லாம் வகுப்பு 1. இறால் வகுப்பு 2. பால் பூச்சியம். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர், நிறம் வந்த எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாராம்.

அப்படியே நிறுத்தினார்கள். பாண் இல்லை, முட்டை இல்லை, பருப்பு இல்லை, இறால் இல்லை. கிளினிக்கில் கொடுத்த சத்துமாவான திரிபோஷாவில் சோயா இருக்கிறது என்று அதையும் அயல் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சியது சோறு, பால், இரண்டு மூன்று மரக்கறி, மீன்.

இனி அந்த ரிப்போர்ட்டை எப்படி வாசிக்க வேண்டும் என்று பார்ப்போம். ஐஜிஈ என்பது உடம்பு ஒரு பொருளைக் குறிவைத்துச் செய்யும் எதிர்ப்புப் புரதம். இரத்தத்தில் அது 0.35 அலகுக்கு மேல் இருந்தால் கருவி 'உண்டு' என்று சொல்லும். 0.35 முதல் 0.7 வரை வகுப்பு 1, அங்கிருந்து 3.5 வரை வகுப்பு 2, அப்படியே 100க்கு மேல் போனால் வகுப்பு 6. கருவி சொல்வது இவ்வளவும்தான்: இந்த உடம்பு இந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. சாப்பிட்டால் வருத்தம் வருமா என்பதை அது சொல்வதில்லை. வகுப்பு 1, 2 காட்டும் உணவை ஒரு தொல்லையும் இல்லாமல் தின்னும் பிள்ளைகள் ஏராளம். கரப்பன், முட்டு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளில் இன்னும் அதிகம். இந்தப் பையனுக்கும் மழைக்காலத்தில் முட்டு வரும்.

மொத்த ஐஜிஈயைச் சுற்றி வந்த சிவப்பு வட்டம் இன்னும் கூடிய பயத்தைக் கொடுத்தது. உண்மையில் அது எந்த உணவையும் காட்டாத ஒரு பொது எண். கரப்பன் இருந்தால் கூடும், முட்டு இருந்தால் கூடும், வயிற்றில் பூச்சி இருந்தாலும் கூடும். மண்ணில் வெறுங்காலோடு ஓடித் திரியும் பிள்ளைக்கு அந்த எண் கூடியிருப்பது புதினமில்லை.

இவ்வளவு நிறம் போட்ட பட்டியலில் கஜு இல்லை. இருக்கவே இல்லை. பாதாம் இருந்தது, ஹேசல்நட் இருந்தது. எங்கள் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் வீதியோரமாகச் சுட்டு விற்கும் பருப்பைப் பற்றி அந்தப் பட்டியல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாயாசத்தில் வறுத்துப் போட்டிருந்தது அதுதான்.

உணவு ஒவ்வாமைக்கென்று ஐஜிஜி பார்த்து, தொண்ணூறு, நூறு உணவுக்கு அட்டவணை கொடுக்கும் பரிசோதனைகளும் இப்போது விற்கப்படுகின்றன. ஐஜிஜி என்பது அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியதன் அடையாளம். அதை வைத்து உணவு ஒவ்வாமையை முடிவு செய்யக்கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை அமைப்பு 2008 இலேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. காசை வைத்துக்கொண்டு முட்டை வாங்கலாம்.

நெய்ச்சோறு

பட்டியலின்படி கவனமாக இருந்த இரண்டாம் மாதம், ஹஜ்ஜுப் பெருநாள். மருதமுனையில் இருக்கும் தாயின் சிநேகிதி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. தாய் இறைச்சியை எடுத்து வைத்தாள், வட்டிலப்பத்தில் முட்டை என்று அதையும் எடுத்து வைத்தாள். நெய்ச்சோற்றில் பயப்பட ஒன்றுமில்லை: அரிசி, நெய், ஏலம், கறுவா. பாலுக்குத்தான் பூச்சியம் என்று வந்திருந்ததே. பிள்ளைக்கு ஒரு கை ஊட்டினாள். மேலே தூவியிருந்த பிளம்ஸும் கஜுவும் அதற்குள் கலந்திருந்தன.

இம்முறை ஐந்து நிமிடம். உதட்டோடு கண்ணும் வீங்கியது, மூச்சில் விசில் சத்தம் வந்தது. 1990 அம்புலன்ஸுக்கு அடித்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் தொடையில் அட்ரினலின் போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு சீரானது. அந்த வேகத்தைப் பார்த்துத் தாய்க்கே ஆச்சரியம். "ஒரு துளி மருந்து மிஸ்ஸி, பாத்துக்கொண்டு இருக்கவே நிறம் திரும்பிற்று" என்று பிறகு எனக்குச் சொன்னாள்.

அடுத்த கிழமை எடை பார்க்கும் கிளினிக். குடும்பநல உத்தியோகத்தர் வளர்ச்சி அட்டையை விரித்துப் பார்த்தார். சித்திரை வரை மேலே போன கோடு, அதற்குப் பிறகு படுத்துக் கிடந்தது. "இந்தப் புள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிற?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் அன்றே குழந்தை வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் இவர்தான். அலர்ஜி பற்றி அவருக்கு விசேட பயிற்சி ஒன்றும் இல்லை. கோடு ஏன் படுத்தது என்று கேட்டார், அவ்வளவுதான்.

கிளினிக்கில்

குழந்தை வைத்திய நிபுணர் முதலில் ரிப்போர்ட்டைத் தொடவில்லை. வருடப்பிறப்பன்று காலையில் இருந்து பிள்ளையின் வாய்க்குள் போன எல்லாவற்றையும் மணியோடு சொல்லச் சொன்னார். பெருநாளன்றும் அப்படியே. அதன் பிறகு அந்த இரண்டு நாளும் தவிர, எப்போதாவது உதடு சிவந்தது, ஒரு தடிப்பு வந்தது என்று ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் பெத்தாவுக்கு ஒரு கலியாண வீடு ஞாபகம் வந்தது. கேக் துண்டு ஒன்றை நக்கக் கொடுத்து, வாயைச் சுற்றிச் சிவந்து, அரை மணித்தியாலத்தில் போய்விட்டது. பெத்தா அதை எறும்பு கடித்தது என்று நினைத்திருந்தார்.

கலியாண கேக், பாயாசம், நெய்ச்சோறு. மூன்றிலும் பொதுவாக என்ன?

"அம்மா, இந்த லிஸ்டில கஜு எங்க?" என்று டொக்டர் அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட்டை எடுத்துக் கேட்டாராம்.

இறால் ஏன் இல்லை என்பதையும் விளக்கினார். மத்தியானம் ஒரு மணிக்குத் தின்ற இறால் ஐந்தரைக்கு மேல் இப்படி ஆளை விழுத்தாது. இந்த வகை ஒவ்வாமை பெரும்பாலும் நிமிடக் கணக்கில் வரும், பிந்தினாலும் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். விதிவிலக்கு உண்டு, மாட்டிறைச்சி போன்றவற்றின் ஒருவகை ஒவ்வாமை பல மணித்தியாலம் கழித்து வரும். ஆனால் அந்தக் கதை இங்கே பொருந்தவில்லை. அப்படியானால் இறாலுக்கு ஏன் வகுப்பு 2? இறாலில் இருக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதத்தைப் போன்ற ஒன்று வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணியிலும் இருக்கிறது. முட்டு உள்ள பிள்ளையின் இரத்தம் தூசி உண்ணிக்கு எதிராகச் செய்து வைத்த ஐஜிஈ, இறாலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ரிப்போர்ட்டில் இறால் நிறம் எடுக்க அது போதும்.

அன்றே பாண், பருப்பு, முட்டை, திரிபோஷா எல்லாம் திரும்பக் கொடுக்கச் சொன்னார். வருடப்பிறப்பு வரை முட்டை அப்பமும் பாணும் தின்று ஒன்றும் ஆகாத பிள்ளை. ஒவ்வாமை இல்லாத உணவை நீண்ட காலம் நிறுத்தி வைப்பதால் எடை மட்டும் குறைவதில்லை. ஏற்கெனவே ஐஜிஈ உள்ள பிள்ளைக்கு, பழகியிருந்த உடம்பு பழக்கம் விட்டுப்போய், பிறகு கொடுக்கும்போது உண்மையாகவே ஒவ்வாமை வரவும் இடமுண்டு. இறால் மட்டும் பொறுத்திருக்கட்டும் என்றார். பூச்சிக்கு மருந்து, முட்டுக்கு இன்ஹேலரும் ஸ்பேசரும். முட்டு வருத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைக்காமல் உணவு ஒவ்வாமையைப் பற்றிப் பேசுவதில் பிரயோசனம் குறைவு, ஏனென்றால் ஆபத்தாகும் பிள்ளைகளில் கூடுதலானோர் முட்டு உள்ளவர்கள்.

அப்புறம் கொழும்புக்குக் கடிதம். பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், எல்லோரும் எம்ஆர்ஐ என்று சொல்லும் இடம். (ஸ்கேன் எடுக்கும் எம்ஆர்ஐ இல்லை இது, தாய் முதலில் பிள்ளையை மெஷினுக்குள் விடப் போகிறார்கள் என்று பயந்துவிட்டாள்.) அங்கே நோயெதிர்ப்பியல் பிரிவு இருக்கிறது; அரசாங்கப் பக்கத்தில் ஒவ்வாமைக்கான தோல் பரிசோதனையும் குறிப்பிட்ட உணவுக்கான ஐஜிஈயும் செய்யும் முக்கிய இடம் அது. கடிதத்தில் டொக்டர் எழுதியது அரைப் பக்கம்: மூன்று சம்பவம், ஒவ்வொன்றுக்கும் உணவு, நேரம், அறிகுறி, கொடுத்த மருந்து. கடைசி வரியில் கேள்வி: கஜு உறுதியா, அதோடு பிஸ்தா எப்படி, இறாலை விடலாமா. மூன்றே மூன்று கேள்வி.

அம்பாறை மாவட்டத்துக் குடும்பங்களுக்கும் வழி இதேதான். கல்முனை ஆஸ்பத்திரிகளிலோ அம்பாறைப் பொது வைத்தியசாலையிலோ குழந்தை வைத்திய நிபுணரின் கிளினிக், அங்கிருந்து கடிதம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றில்லை. கடிதமும் கிளினிக் கொப்பியும் இல்லாமல் நேரே கொழும்புக்கு பஸ் ஏறுவதுதான் வீண்.

பொரளையில் ஹிஸ்டமின் எழும்பாத கை

கடைசிச் சம்பவம் நடந்து ஒரு மாதமாவது போகட்டும் என்று தேதி தள்ளித்தான் கிடைத்தது. அதற்குக் காரணம் உண்டு. பெரிய ஒவ்வாமைக்குப் பிறகு கொஞ்ச நாளைக்குத் தோலின் கலங்கள் களைத்துப்போயிருக்கும். அப்போது பரிசோதித்தால் உள்ளதும் இல்லை என்று வரலாம். நான்கு முதல் ஆறு கிழமை விடுவது வழக்கம்.

300 கிலோமீற்றருக்கு மேல், இரவு பஸ். கொட்டாஞ்சேனையில் இருக்கும் தம்பி முறையான ஒருவர் விடியற்காலையில் வந்து கூட்டிக்கொண்டு போனார். தாய்க்குச் சிங்களம் அவ்வளவு வராது, அவருக்கு வரும். சம்பவங்களை நான் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன், அதை அவர் வாசித்துச் சொன்னார்.

தோல் பரிசோதனை பார்ப்பதற்கு எளிது. கையின் உட்பக்கத்தில் பேனையால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு துளி. ஒரு துளி உப்பு நீர், அது எழும்பக்கூடாது. ஒரு துளி ஹிஸ்டமின், அதாவது ஒவ்வாமையில் தடிப்பை எழுப்பும் பொருள், அது கட்டாயம் எழும்ப வேண்டும். மற்றவை கேட்ட உணவுகள். துளிக்கு மேலால் சின்ன ஊசி முனையை மெல்ல அழுத்தி எடுப்பார்கள், இரத்தம் வராது. 15 நிமிடம் கழித்து, நுளம்பு கடித்ததுபோல் எழும்பியதை அளவுகோலால் அளப்பார்கள். உப்பு நீரை விட 3 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ எழும்பினால் 'உண்டு'. சின்னப் பிள்ளைக்குச் செய்ய முடியாது என்று சிலர் சொல்வது சரியில்லை. கைக்குழந்தைக்கும் செய்யலாம், எழும்பும் அளவு கொஞ்சம் சிறிதாக இருக்கும், அவ்வளவுதான். பிள்ளையை 15 நிமிடம் சொறியாமல் பிடித்து வைத்திருப்பதுதான் பெரிய வேலை.

அன்று இந்தப் பிள்ளையின் கையில் எதுவும் சரியாக எழும்பவில்லை. ஹிஸ்டமினும் எழும்பவில்லை.

"புள்ளைக்கு என்ன மருந்து குடுத்த?" என்று அங்கே கேட்டபோது தாய் ஒன்றும் இல்லை என்றாள். பிரிட்டனை ஒரு கிழமைக்கு முன்னமே நிறுத்தச் சொல்லியிருந்தோம், நிறுத்தியும் இருந்தாள். பையைத் திறந்தால் தடிமல் பாணி ஒன்று. பஸ்ஸில் இருமினான் என்று இரவு ஒரு கரண்டி, விடிய ஒரு கரண்டி. லேபலில் சின்ன எழுத்தில் குளோர்ஃபெனிரமின். பிரிட்டனின் மருந்துப் பெயரே அதுதான். தடிமல் பாணி, பயணச் சத்திக்குக் கொடுக்கும் பாணி, நித்திரைக்கு என்று கொடுக்கும் பாணி எனப் பலவற்றுக்குள் இந்த வகை மருந்து இருக்கிறது. ஹிஸ்டமினைத் தடுப்பதே அதன் வேலை. தடுத்த தோலில் பரிசோதனை செய்தால் எல்லாம் 'இல்லை' என்றுதான் வரும். உப்பு நீரும் ஹிஸ்டமினும் சேர்த்து வைப்பது இதைப் பிடிக்கத்தான். இந்த இரண்டு துளியும் இல்லாமல் எங்கேயாவது தோல் பரிசோதனை செய்து கொடுத்தால் அந்த ரிப்போர்ட்டை நான் நம்பமாட்டேன்.

பயணம் முழுதாக வீணாகவில்லை. இரத்தப் பரிசோதனைக்குப் பிரிட்டன் தடையில்லை என்பதால் அன்று கஜுவுக்கான ஐஜிஈக்கு இரத்தம் எடுத்துக்கொண்டார்கள். தோலுக்கு வேறு தேதி. முட்டுக்கான இன்ஹேலரை நிறுத்தத் தேவையில்லை என்பதையும் அங்கே தெளிவாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டாம் தடவை ஹிஸ்டமின் 4 மில்லிமீற்றர். கஜு 9. பிஸ்தா 7. முட்டை, கோதுமை எழும்பவில்லை. இறால் 3, அதாவது எல்லையில். தூசி உண்ணி 5. இரத்தத்தில் கஜுவுக்கு வகுப்பு 4.

கஜுவும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம். புரதங்களும் கிட்டத்தட்ட ஒன்று. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. அதே குடும்பத்தில்தான் மாமரமும் இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய், பெத்தா மாம்பழத்தையும் ஒளித்து வைத்துவிட்டார். மாம்பழச் சதையில் அந்தப் பருப்புப் புரதம் இல்லை. இந்தப் பிள்ளை மாம்பழம் தின்று பழகியவன், தொடர்ந்து தின்னலாம் என்று எழுத்தில் வாங்கிக் கொடுத்த பிறகுதான் பெத்தா ஓய்ந்தார்.

விடுதியில் இறால்

எல்லையில் நிற்கும் 3 மில்லிமீற்றருக்குப் பதில் ஊசியில் கிடைக்காது, வாயில்தான் கிடைக்கும். குழந்தைகள் விடுதியில், அட்ரினலின் அளந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, இறாலைக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. வீட்டில் யாரும் செய்து பார்க்கக்கூடாத வேலை இது.

பெத்தாவே அவித்துக் கொண்டு வந்தார், உப்பு மட்டும் போட்டு. முதல் தடவை அரிசி மணி அளவு. இருபது நிமிடம் பார்த்து இரட்டிப்பு. பிறகு இன்னும் இரட்டிப்பு. ஒவ்வொரு தடவைக்கு முன்னும் உதடு, தோல், மூச்சுச் சத்தம், நாடித்துடிப்பு பார்த்து எழுதினார்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகு பிள்ளை இன்னும் கேட்டு அழத் தொடங்கினான். அந்த அழுகையில் முகம் சிவந்ததைப் பார்த்துப் பெத்தா எழும்பிவிட்டார். தாதி சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள், ஒரு தடிப்பும் இல்லை. கடைசியில் இரண்டு முழு இறால். இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இப்போது வீட்டில் திரும்பவும் இறால் குழம்பு. கிரந்தி என்ற பேச்சைப் பெத்தா முழுதாக விடவில்லை, ஆனால் பேரனுக்கு ஊட்டுகிறார்.

வீட்டுக்குள் வந்த மாற்றங்கள்

கஜுவை நிறுத்துவது சொல்லச் சின்னது. எங்கள் பக்கத்துப் பலகாரத்தை எடுத்துப் பாருங்கள்: கலியாண கேக், லவ் கேக், மஸ்கட், வட்டிலப்பம், பாயாசம், சர்க்கரைப் பொங்கல், புரியாணி. சில வீடுகளில் இறைச்சிக் கறிக்கு அரைத்தும் விடுவார்கள், கண்ணுக்கே தெரியாது. கச்சான் இந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் மாமாங்கத் திருவிழாவில் கச்சான் கடையைக் கவனித்திருக்கிறீர்களா? அதே சட்டி மணலில் கஜுவும் வறுபடும், அதே சுண்டால் அளந்து போடுவார்கள். ஆகவே கச்சான் வீட்டில் வறுத்தது மட்டும்.

அட்ரினலின் பேனை, அதாவது தொடையில் வைத்து அழுத்தினால் தானே ஊசி போடும் வகை, இவர்களுக்குக் கிடைக்கவில்லை. வைத்திய நிபுணர் யோசித்து, குப்பி மருந்தையும் 1 மில்லிலீற்றர் ஊசியையும் வீட்டில் வைக்கச் சொல்லிப் பழக்கிவிட்டார். அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், 1 மில்லிலீற்றர் குப்பிக்குள் 1 மில்லிகிராம் இருக்கும், பத்துக் கிலோவைக் கொஞ்சம் தாண்டிய இந்தப் பிள்ளைக்கு அவர் குறித்துக் கொடுத்தது 0.1 மில்லிலீற்றர். இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஏற்பாடு இல்லை. டொக்டர் ஆளைப் பார்த்து எடுக்கும் முடிவு. தாய் என் வீட்டுக்கு வந்து வெறும் தண்ணீர்க் குப்பியில் பழகினாள். முதல் குப்பி கையில் நொறுங்கியது. கழுத்தைத் துணியால் சுற்றி, புள்ளி இருக்கும் பக்கம் தன்னைப் பார்க்க வைத்து, வெளிப்பக்கமாக ஒடிக்க வேண்டும். ஊசியில் 0.1 என்ற கோட்டில் நகப்பூச்சால் ஒரு சிவப்பு அடையாளம் வைத்தோம். மருந்து பெட்டியோடு, வெளிச்சமும் கடும் சூடும் படாத இடத்தில் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதில்லை. காலாவதித் தேதி நாட்காட்டியில் எழுதியிருக்கிறது.

ஊசி போட்டாலும் 1990க்கு அடிப்பது நிற்கக்கூடாது. பிள்ளையைக் கிடத்திக் காலை உயர்த்தி வைப்பது, மூச்சு முட்டினால் சாய்ந்து இருக்க விடுவது, தூக்கி நிமிர்த்திக்கொண்டு ஓடாமல் இருப்பது என்று ஒரு தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பாலர் பாடசாலை டீச்சருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது.

மூன்று வயதில் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான) தடுப்பூசி வருகிறது, அதைப் போடலாமா என்று தாய் கேட்டாள். கஜு ஒவ்வாமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வழமையான கிளினிக்கிலேயே போடலாம். முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் எம்எம்ஆரை நிறுத்தத் தேவையில்லை. பசுப்பால், மாட்டிறைச்சி ஒவ்வாமை கடுமையாக உள்ள பிள்ளைகளுக்குத்தான் கவனம் வேண்டும். அப்படியான சில பிள்ளைகளுக்குத் தடுப்பூசிக்குப் பிறகு ஒவ்வாமை வந்ததை இலங்கை வைத்தியர்களே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தடுப்பூசியில் மிக நுண்ணிய அளவில் இருக்கக்கூடிய மாட்டுப் புரதம் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அந்தப் பிள்ளைகள் டொக்டரிடம் முதலே சொல்லி, ஆஸ்பத்திரியில் வைத்துப் போட்டுக்கொள்வது நல்லது. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஆட்டுப்பாலும் எருமைத் தயிரும் மாற்றீடு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம் அதுதான். புரதங்கள் அவ்வளவு ஒத்தவை. திரிபோஷாவிலும் பால்மா உண்டு.

பால், முட்டை ஒவ்வாமைகள் பெரும்பாலும் வளர வளர விட்டுப்போகும். கஜு போன்ற பருப்புகளின் ஒவ்வாமை ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் விடும். அதனால் பள்ளிக்கூடம் சேரும் வயதில் திரும்பவும் கஜுவுக்கு மட்டும் பார்ப்பது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வளர்ச்சி அட்டையில் கோடு ஏறுகிறது, கிளினிக் கொப்பியில் அடுத்த தேதி குறித்தாயிற்று. அதற்குக் கீழே தாய் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்: 'போறதுக்கு ஒரு கிழமை முன்னுக்கு எந்தப் பாணியும் இல்லை. லேபல் பார்க்கவும்.'